சுவர் எத்தனை மில்லிமீட்டர் அதிர வேண்டும்?

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது உண்மைதான். சக்கரத்தையும் கண்டுபிடித்தது. ஆனால் அந்த இரண்டுக்கும் யாரும் மூன்று விலைப்புள்ளி வாங்கவில்லை, ஒப்பீட்டுப் பட்டியல் போடவில்லை, கூட்டக் குறிப்பில் கையெழுத்து வைக்கவில்லை. எல்லாம் அவசரத்தில் எடுத்த முடிவுகள். அதனால்தான் நெருப்பு சுடுகிறது, சக்கரம் பஞ்சராகிறது. ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உலகத்துக்குச் செய்து காட்டியவர் நம் கொள்முதல் அதிகாரி ஒருவர்தான். பொருள்: ஒரு ஜோடி ஸ்பீக்கர். நோக்கம்: வீட்டில் ஹெவி மெட்டல் பாட்டு கேட்பது. எடுத்துக்கொண்ட காலம்: பதினோரு மாதம்.

குடிநீர் வாரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு அவருடையது. அங்கே அவர் புகழ் பெரியது. ஊழியர்களுக்கு நாற்காலி வாங்க அவர் எடுத்துக்கொண்டது பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதமும் நின்றபடி வேலை பார்த்த இரண்டு பேர் நின்றபடியே ஓய்வு பெற்றார்கள். ஆனால் கடைசியில் வந்த நாற்காலிகளில் இன்றுவரை யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் அவசரப்பட்டுச் செய்த ஒரே காரியம் கல்யாணம். நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போனவர், புத்தகத்தை விட்டுவிட்டு நூலகரிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டார். வேறு நூலகங்களில் விசாரிக்கவில்லை. அது ‘ஒற்றை விலைப்புள்ளி’ என்பதை நினைத்தால் இருபத்திரண்டு வருஷம் கழித்தும் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நூலகரம்மாவின் தொழில், ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறை ‘உஷ்’ என்று சொல்வது. மீதி நேரத்தில் புத்தகம் கொடுப்பார். நூலகத்தில் யாருடைய பேனா கீழே விழுந்தாலும் இவர்தான் சுற்றியிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பார். அப்படி ஒரு குரல், பஞ்சு மாதிரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, ஒரு பழைய இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வார். அதில் வலது பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். அதற்குள்ளே டிரம்ஸ் இடி இடிக்கும், கிட்டார் ரம்பம் போடும், லாரி காலில் ஏறிவிட்டது போல ஒருவன் கத்துவான். அதைக் கேட்கக் கேட்க நூலகரம்மாவின் முகம் குழந்தை முகமாக மாறும். ‘நாள் பூரா நான் முழுங்கினதையெல்லாம் அவன் எனக்காகக் கத்திடறான்’ என்பார்.

இதை ஏன் ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி குடியிருந்தார். நீதிபதி ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய பேனா ஓய்வு பெறவில்லை. மிக்ஸி ஓடினால் கதவுக்கடியில் நோட்டீஸ் வரும். அதிகாரி ஒருமுறை தொடர்ந்து மூன்று தும்மல் போட்டதற்கு, ‘முதல் தும்மல் இயற்கை, இரண்டாவது கவனக்குறைவு, மூன்றாவது உள்நோக்கம் கொண்டது’ என்று ஒரு நோட்டீஸ் வந்தது. மாடியில் மொட்டைமாடி, கீழே பூட்டிக் கிடக்கும் ஒரு கடை. உலகத்தில் இவர்களுடைய பாட்டுக்கு எதிரி என்று இருந்தது அந்த ஒரே ஒரு மனிதர்தான்.

அவர் ஒருநாள் பெட்டி படுக்கையோடு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பதினோரு மாதம் கழித்துத்தான் வருவாராம். டாக்சி தெருமுனையைத் திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்த நூலகரம்மா, நேராக அதிகாரியிடம் வந்து அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“என்னங்க, ஒரு ஸ்பீக்கர் வாங்கணும்.”

“ஸ்பீக்கரா?”

“பெரிசா. இந்த ஒத்தக் காதுல கேட்டுக் கேட்டு எனக்குப் பாட்டுல பாதிதான் தெரியும். மறுபாதியில யாரு என்ன வாசிக்கிறாங்கன்னே இத்தனை வருஷமா தெரியல. ஒரு தடவையாவது ரெண்டு காதாலயும், முழுசா, சுவர் அதிர, நம்ம வீட்ல கேக்கணும். அவர் திரும்பி வந்துட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் முடியாது. எனக்கு வேற எதுவும் வேண்டாங்க.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இது. நகை கேட்டதில்லை, வீடு மாற்றக் கேட்டதில்லை. அதிகாரிக்கு அன்பு பொங்கியது. பொங்கிய அன்பு வீணாக வழிந்துவிடாமல் இருக்க உடனே ஒரு கோப்பு திறந்தார்.

“ஒரு குழு போட்டுடலாம்மா,” என்றார்.

குழு மறுவாரமே சாப்பாட்டு மேஜையில் கூடியது. தலைவர், அதிகாரி. செயலாளர், அதிகாரி. ‘பயனாளர் பிரதிநிதி’, நூலகரம்மா. ‘தொழில்நுட்ப வல்லுநர்’ என்ற நாற்காலியில், ஊரில் ‘தங்கக்காது’ என்று பெயரெடுத்த நண்பர் உட்கார்ந்திருந்தார். தங்கக்காது தொழிலால் பல் மருத்துவர். ஆர்வத்தால், ஸ்பீக்கர் பித்தர்கள் கூடும் நுண்செவி மன்றத்தின் தலைவர். முப்பது வருஷம் பல்லைக் குடைகிற மெஷின் பக்கத்திலேயே நின்றதில் அவருக்கு இரண்டு காதும் மந்தம். காதுக்குள் கருவி மாட்டியிருந்தார். ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இயந்திரம் கலந்த ஒலி ‘தூய்மையானது’ அல்ல என்பது அவருடைய கொள்கை. இந்த நேர்மைக்காகவே மன்றம் அவரை ஆறு முறை போட்டியின்றித் தேர்ந்தெடுத்திருந்தது.

“பயனாளரோட தேவை என்ன?” என்று ஆரம்பித்தார் அதிகாரி, பேனா மூடியைக் கழற்றி.

“அதான் சொன்னேனே. சுவர் அதிரணும்.”

“எத்தனை மில்லிமீட்டர்?”

“என்னது?”

“அதிர்வும்மா. சும்மா ‘அதிரணும்’னு எழுதினா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க. குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு?”

“நான் எந்திரிச்சு ஆடுற அளவுக்கு.”

“அது அளவு இல்லம்மா, ஆசை.”

தங்கக்காது கையை உயர்த்தினார். “எந்தச் சுவரு?”

“ஜட்ஜ் பக்கத்துச் சுவருதான்.”

“அது பாரம் தாங்குற சுவரா, சும்மா தடுப்புச் சுவரா?”

இது யாருக்கும் தெரியவில்லை. சுவரைப் பற்றி அறிய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு கட்டட வரைபடம் கேட்டு நகராட்சிக்கு எழுதியது. நகராட்சி, எதற்காக வரைபடம் தேவை என்று கேட்டது. ‘ஹெவி மெட்டல்’ என்று துணைக்குழு பதில் போட்டது. வீட்டில் எத்தனை டன் உலோகம் ஏற்றப் போகிறீர்கள் என்று பார்வையிட ஒரு பொறியாளர் நாடாவோடு வந்து, இயர்போனைத் தவிர வேறெதுவும் காணாமல் மனம் நொந்து போனார். இப்படியாக இரண்டு மாதம் மிகச் சிறப்பாகக் கழிந்தது.

இதற்கிடையில் ஒரு சோதனை வந்தது. பெரிய மனிதர்களுக்கெல்லாம் வரும் சோதனைதான். நூலகரம்மாவின் தம்பி, உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவில் உட்கார்ந்தார். சோபா முனகியது.

“மாமா, அக்கா ஸ்பீக்கர் கேட்டுச்சாமே. ஜிம்ல ஒரு ஜோடி சும்மா கிடக்கு. ஆளுயரம். போன வருஷம் அதைப் போட்டுத்தான் கண்ணாடியில விரிசல் விட்டுச்சு. வண்டியில ஏத்திட்டு வந்துடட்டுமா? அரை மணி நேரம்.”

நூலகரம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைக்காமலே ஓடி வந்தார். அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்த அதிகாரிக்கு ஒரு கணம் மனசு ஆடிவிட்டது. ஒரே ஒரு கணம். பெரியவர்கள் பெரியவர்களாக இருப்பது அந்த ஒரு கணத்தைத் தாண்டிவிடுவதால்தான்.

“தம்பி, ஜிம் பெட்டியை எடுத்துக்கிட்டா, போட்டிக்கு வேற யாரு வந்தாங்க?”

“யாரும் வரல மாமா. அதான் சும்மா தர்றேங்கறேனே.”

“ஒரே ஆள்கிட்ட வாங்குறது முறைகேடு. அதுவும் சும்மா வாங்குறது, பெரிய முறைகேடு. அதுலயும் நீ மச்சான். நாளைக்கு யாராவது கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது?”

“யாரு மாமா கேப்பாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டா?”

மச்சானுக்கு இரும்பைத் தூக்கத் தெரியும். இந்தக் கேள்வியைத் தூக்கத் தெரியவில்லை. வேண்டுமானால் முத்திரையிட்ட உறையில் விண்ணப்பிக்கலாம் என்று அவருக்கு அன்போடு எடுத்துச் சொல்லப்பட்டது. அவர் விண்ணப்பித்தார். உறையில் முத்திரை கோணலாக இருந்ததால் நிராகரிக்கப்பட்டது. ‘கையைத் துடைச்சுக்கோம்மா, தரையெல்லாம் தண்ணி’ என்றார் அதிகாரி மனைவியிடம், நல்ல காரியம் செய்த களைப்போடு.

ஐந்தாவது மாதம் குழு கடைக்குப் போனது. கடை என்று சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார். வாசலில் ‘ஒலி அனுபவக் கூடம்’ என்று எழுதியிருந்தது. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே குளிரும் இருட்டும் கனத்த திரைகளும். கறுப்புக் கோட்டுப் போட்ட கடைக்காரர், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார். நடுவில் இரண்டு ஸ்பீக்கர்கள் மாப்பிள்ளையும் பெண்ணும் போல நின்றன.

நூலகரம்மா கைப்பையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். “தம்பி, இதுல ஒரு பாட்டு இருக்கு. எட்டு நிமிஷம்தான். போட முடியுமா?”

கடைக்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். “பாட்டாம்மா?”

“ஸ்பீக்கர்னா பாட்டுதானே போடுவாங்க?”

“சாதா ஸ்பீக்கர்ல போடுவாங்கம்மா. இதுல போய்ப் பாட்டைப் போட்டா இதுக்குப் பழக்கம் கெட்டுடும். அப்புறம் நுணுக்கமெல்லாம் போயிடும்.”

“அப்போ இதுல என்னதான் போடுவீங்க?”

“தண்ணி சொட்டுற சத்தம். தீக்குச்சி கிழிக்கிற சத்தம். கூடத்தோட பெருமையே எங்க தவளைதான்.”

தங்கக்காது மரியாதையோடு காதுக்கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கண்ணை மூடினார். அதிகாரியும் மூடினார். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

“ஆகா,” என்றார் தங்கக்காது. “இடது பக்கம் பாத்து உக்காந்திருக்கு. வயசு ரெண்டு, ரெண்டரை இருக்கும்.”

“பின்னாடி குளம் ஒண்ணு தெரியுது,” என்றார் அதிகாரி.

“தண்ணி கொஞ்சம் கலங்கல்.”

“கலங்கல்தான்,” என்று எழுதிக்கொண்டார் அதிகாரி.

கடைக்காரர் செருமினார். “சார், நான் இன்னும் தவளையைப் போடல.”

நூலகரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை; தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, கடைசியில் வாய்விட்டே சிரித்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக ஊர் வாயை அடக்கியவரைப் பார்த்து, கடைக்காரர் விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ என்றார். தங்கக்காதோ கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்திலிருந்த அதிகாரி அவர் காதருகே வாயை வைத்து விஷயத்தைக் கத்திச் சொன்னதும், “போடறதுக்கு முன்னாடியே கேக்குது பாத்தீங்களா? அதான் தரம்,” என்றார். அதிகாரி அந்த ஸ்பீக்கருக்குப் பத்துக்குப் பத்து போட்டார்.

ஆனாலும் அன்றே வாங்கிவிடவில்லை; அது அவருடைய பெருமைக்கு இழுக்கு. இன்னும் இரண்டு கூடங்களில் இன்னும் இரண்டு தவளைகளைக் கேட்டார்கள். நாற்பத்து மூன்று பத்திகள் கொண்ட ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. மரத்தின் வாசனைக்கு ஒரு பத்தி இருந்தது. அட்டைப் பெட்டியின் உறுதிக்கு ஒரு பத்தி இருந்தது. ‘பாட்டு’ என்று ஒரு பத்தி இல்லையே என்று நூலகரம்மா கேட்டபோது, பாட்டு ஸ்பீக்கரோடு வருகிற உதிரிப் பாகம் அல்ல என்றும், அது பயனாளர் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியது என்றும் விளக்கப்பட்டது. ஒன்பதாவது மாதம் முதல் வாரத்தில் ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. உண்மையிலேயே கம்பீரமான பொருள்கள். நூலகரம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்; குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார்.

“இன்னிக்கே போட்டுடலாமா?” என்றார்.

தங்கக்காது அதிர்ந்து போனார். “அம்மா, புது செருப்பே காலைக் கடிக்குது. இது புது ஸ்பீக்கர். முந்நூறு மணி நேரம் பழக்கணும். மெதுவா, சின்ன சத்தத்துல. இப்பவே கத்தவிட்டா தொண்டை கட்டிக்கும்.”

அதற்கு என்றே நுண்செவி மன்றம் ஓர் ஒலியை வைத்திருந்தது. ‘சோ’ என்று ஒரே சீராக வரும். காலையில் அலுவலகம் போகும்போது அதைப் போட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து நிறுத்துவார் அதிகாரி. கோப்பில் நேரம் குறித்துக்கொள்வார். சுவரில் இருந்த பல்லிகூடத் தலையைத் திருப்பவில்லை, அவ்வளவு மெதுவான ‘சோ’. முந்நூறு மணி முடிந்ததும் கணக்கைச் சரிபார்த்ததில், நடுவில் ஒருநாள் மின்சாரம் போனது தெரியவந்தது. பழக்கம் விட்டுப்போனால் பழையபடி முதலிலிருந்துதான். மறுபடி முந்நூறு.

அந்த இடைவெளியை வீணாக்காமல் அறையைத் திருத்தினார்கள். சோபா சத்தத்தைக் குடிக்கிறது என்று வெளியேற்றப்பட்டது. கடிகாரம் போட்டிக்கு டிக் டிக் என்கிறது என்று போனது. கல்யாணப் படத்தின் கண்ணாடி மேல்ஸ்தாயி ஒலிகளைத் திருப்பி அடிப்பதாகக் கண்டறியப்பட்டு, மணமக்கள் பரணுக்குப் போனார்கள். மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு காலுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போடப்பட்டது. தங்கக்காது ஒரு மைக்கையும் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து அறையை அளந்தார். திரையில் கோடு நேராக ஓடியது. நூலகரம்மா காபியோடு உள்ளே வந்தார். கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது.

“அம்மா, கொஞ்சம் வெளிய போங்க,” என்றார் தங்கக்காது.

வெளியே போனார். பள்ளம் மறைந்தது.

“இப்ப உள்ள வாங்க.”

பள்ளம்.

“காபியை வெச்சுட்டு வாங்க.”

காபி இல்லாமலும் பள்ளம் விழுந்தது. அதிகாரி கவலையோடு திரையைப் பார்த்தார். இரண்டு பேரும் வெகுநேரம் ஆலோசித்தார்கள். அன்றைய கூட்டக் குறிப்பில் ஏகமனதாகப் பதிவானது இது: ‘பயனாளர் அறைக்கு வெளியே இருக்கும்போது, பயனாளருக்கு மிகச் சிறந்த ஒலி கிடைக்கிறது.’ பயனாளர் பிரதிநிதி என்ற முறையில் நூலகரம்மாவும் அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இட்டார்.

பத்தாவது மாதக் கடைசியில் ஒருநாள் அதிகாரி சீக்கிரம் வீடு திரும்பினார். ‘சோ’ நின்றிருந்தது. நூலகரம்மா அந்த ஒற்றை நாற்காலியில், இரண்டு பிரம்மாண்டமான ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே, பழைய இயர்போனை வலது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. தலை லேசாக ஆடியது. இயர்போனிலிருந்து ச்ச் ச்ச் என்று ஈசல் பறப்பது போல ஒரு சத்தம் கசிந்தது. ஒரு கையை எடுத்து, பாட்டு வராத இடது காதையும் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று யோசிப்பவர் போல முகத்தைச் சுளித்தார்.

அதிகாரி வாசலிலேயே நின்றார். பாவம், எவ்வளவு பொறுமை இவளுக்கு என்று நினைத்தார். இப்படி ஒருத்திக்கு ஏனோதானோ என்று ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தால் தன்னைத் தானே மன்னித்திருக்க முடியாது என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியின் கால் சாக்பீஸ் வட்டத்தைவிட்டு மூன்று விரற்கடை நகர்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்து, ஒன்றும் சொல்லாமல் அதைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தார். அன்பு என்பது வாயால் சொல்லிக் காட்டுவதல்ல.

பதினோராவது மாதத்தின் கடைசி நாள் வந்தது. நீதிபதி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்வதாகக் கீழே பூட்டிக் கிடக்கும் கடையின் காவலாளி சொல்லியிருந்தார். அதிகாரி பதறவில்லை. நான்கு மணிக்கு ‘ஏற்புச் சோதனை’ என்று ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்.

நூலகரம்மா அன்று விடுப்பு எடுத்திருந்தார். கல்லூரிக் காலத்துக் கறுப்பு பனியனைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார்; நெஞ்சில் ஒரு மண்டையோடு, சலவையில் வெளுத்துச் சாதுவாகியிருந்தது. கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டிருந்தார். அக்காவை அந்தக் கோலத்தில் பார்த்த ஜிம் தம்பிக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. தங்கக்காது வந்ததும் வராததுமாகக் காதுக்கருவியைக் கழற்றினார். ஒரே நாற்காலிதான் இருந்ததால் எல்லாரும் நின்றார்கள்.

வரவேற்புரை, அதிகாரி. தலைவர் முன்னுரை, அதிகாரி. அடுத்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கக் குழு அறிக்கையைக் கையில் எடுத்தார்.

“அறிக்கையை அப்புறம் படிக்கலாமேங்க,” என்றார் நூலகரம்மா. “மணி நாலரை.”

“ஏற்புச் சோதனைக்கு முன்னாடி அறிக்கை படிக்கணும்னு விதி இருக்கும்மா.”

“யாரு போட்ட விதி?”

“குழு.”

“குழுவுல யாரு?”

“நான்தான். நான் போட்ட விதியை நானே மீறலாமா?”

இந்த நேர்மைக்கு எதிரே என்ன பேச முடியும்? அறிக்கை படிக்கப்பட்டது. சுவர் துணைக்குழுவின் அனுபவங்கள் படிக்கப்பட்டன. மூன்று தவளைகளின் குணநலன்கள் ஒப்பிடப்பட்டன. ஐந்தே முக்கால் மணிக்கு அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “இப்போது பயனாளர் பிரதிநிதி,” என்று கம்மிய குரலில் சொல்லி வழிவிட்டார். நூலகரம்மா பென் டிரைவைச் சொருகினார். விரலைப் பொத்தானை நோக்கிக் கொண்டுபோனார். ஜிம் தம்பி முன்னெச்சரிக்கையாக ஜன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

“நில்லுங்க,” என்றார் தங்கக்காது.

விரல் பொத்தானுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

“வயரைப் பாருங்க. வயர்மேல இருக்கிற எழுத்து ஸ்பீக்கரைப் பாத்துப் போகணும். இடது பக்கத்துல சுவரைப் பாத்துப் போகுது. கரண்டு பின்பக்கமா நடந்து வரும்.”

“நடக்கட்டும். தவழ்ந்துகூட வரட்டும். நான் கேட்டுக்கறேன்,” என்றார் நூலகரம்மா.

அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்களில் நீர் நிஜமாகவே தளும்பியது. “இருபத்திரண்டு வருஷத்துல நீ கேட்ட ஒரே பொருள். அது உனக்குப் பின்பக்கமா வந்து சேர்ந்தா நான் எப்படிம்மா தாங்குவேன்? அஞ்சே நிமிஷம்.”

நூலகரம்மா அவர் முகத்தையே பார்த்தார். அதில் பொய் ஒரு துளி இருந்திருந்தால் கையை உதறியிருப்பார். இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கையைத் தாழ்த்தினார். அதிகாரி ஸ்குரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் தவழ்ந்து மறைந்தார்.

அழைப்புமணி அடித்தது.

வாசலில் நீதிபதி நின்றார். கையில் ஒரு தாள். எல்லாருக்கும் வழக்கமான நோட்டீஸ் என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று இருந்தது. உற்றுப் பார்த்ததில் அது புன்னகை என்று தெரிந்தது.

“மதியமே வந்துட்டேன்,” என்றார். “இத்தனை பேரும் ஒண்ணா இருக்கீங்க, நல்லதாப் போச்சு. ஒரு விஷயம் ஒத்துக்கணும். கிளம்பறப்போ எங்க பக்கத்துச் சுவரோரமா சத்தம் கேட்டா மட்டும் பதியற ஒரு கருவியை வெச்சுட்டுப் போனேன். ஆள் இல்லைன்னதும் என்ன ஆட்டம் போடுவாங்களோன்னு சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். சாப்பிட்டு உக்காந்து எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தேன். பதினோரு மாசத்துல ஒரு தும்மல். ஒரு டம்ளர் விழுந்த சத்தம். அப்புறம், ஒரு பொம்பளை குரல் ‘எப்பங்க?’ ‘எப்பங்க?’ன்னு கேக்குது. நாப்பத்தொரு தடவை. அதுவும் அனுமதிக்கத்தக்க அளவுலதான். வேற எதுவும் இல்லை.”

ஜிம் தம்பி ஜன்னலை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வாழ்நாள்ல எத்தனையோ பேருக்குத் தண்டனை எழுதியிருக்கேன். பாராட்டு எழுதறது இதுதான் முதல் தடவை,” என்ற நீதிபதி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். “‘இவ்வீட்டின் தலைவர், தம் மனைவி என ஒருவர் இச்சுவருக்கு மறுபுறம் வாழ்ந்து வருகிறார் என்பதற்கு ஒரே ஒரு வினா நீங்கலாக வேறு எவ்வித ஒலிச்சான்றும் எழாத வண்ணம், பதினோரு மாத காலமும் இடையறாது இல்லத்தைப் பேணி வந்துள்ளார். இது எளிதில் கைகூடுவதன்று. இதற்கு வேண்டிய திட்டமிடலையும் விடாமுயற்சியையும் கருதி, இந்தப் பாராட்டு வழங்கப்படுகிறது.’”

அதிகாரி ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் வாங்கினார். அலுவலகத்தில் முப்பது வருஷமாக யாரும் எழுதிக் கொடுக்காதது. என்ன நடக்கிறது என்று தெரியாத தங்கக்காது, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து உத்தேசமாகக் கைதட்டினார்.

நூலகரம்மா தாளைக் கணவர் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றுகிறவர் போல நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“ஐயா, இதுல எனக்கு ஒரு நகல் வேணும். உங்க கையெழுத்தோட.”

“தாராளமாம்மா. சட்டம் போட்டு மாட்டறதுக்கா?”

“ஒண்ணு எதுக்கும்மா?” என்றார் அதிகாரி, பெருமை பொங்க. “மூணு பிரதியா கேட்டு வாங்கிக்கோ. எந்த அலுவலகமா இருந்தாலும் மூணு கேப்பாங்க.”

“ஒண்ணு போதுங்க,” என்றார் நூலகரம்மா, அந்தப் பஞ்சுக் குரலிலேயே. “குடும்ப நீதிமன்றத்துல விசாரிச்சுட்டேன்.”